தூண்டிலா, காணிக்கையா? – மார்கழியும் நம் கீர்த்தனைகளும்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 5:1–12, 7:13–14, 1 கொரிந்தியர் 14:15



மார்கழி பிறந்துவிட்டது. மயிலாப்பூர் மாடவீதிகளில் விடியுமுன்னே கோலங்கள் எழுகின்றன. சபாக்களின் வாசலில் கச்சேரி அட்டவணைகள் தொங்குகின்றன. மாலையானால் சபா உணவகங்களில் கூட்டம் நெரிகின்றது. அதே மாதத்தில், அதே தெருக்களில், நம் பாடகர் குழுவும் கிறிஸ்து பிறப்பின் பாடல்களைப் பயிற்சி செய்கின்றது. கேரல் பவனி வீடு வீடாகச் செல்கின்றது. லஸ் முனையிலிருந்து சாந்தோம் கடற்கரை வரை நடந்து செல்பவர் ஒருவர், ஒரே மாலையில் இரண்டு வகைச் சங்கீதத்தையும் கேட்கலாம். ஆயினும் இவ்விரண்டையும் இசைக்கும் மக்கள் ஒருவரையொருவர் அறிவதில்லை. சுவர் ஒன்றே, அதன் இருபுறமும் பாட்டு ஒலிக்கின்றது.

இவ்வாரம் நான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது இந்தச் சுவரைப் பற்றியே. நம் தமிழ்க் கீர்த்தனைகளை இனியும் பாட வேண்டுமா என்னும் கேள்வி இன்று பல சபைகளில் எழுந்துள்ளது. இளையோருக்கு அவை விளங்கவில்லை என்பர் சிலர். மொழி கடினம், இராகம் கடினம், கீபோர்டும் டிரம்ஸும் வைத்துப் பாட அவை ஒத்துவரவில்லை என்பர் வேறு சிலர். 'அது அவர்களுடைய சங்கீதம், நமக்கு எதற்கு?' என்பாரும் உண்டு. சுவரின் மறுபுறத்திலோ, 'அது எங்களுடைய சங்கீதம், அதை ஏன் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்?' என்று கேட்போரும் இருக்கின்றனர். இவ்விரு குரல்களும் எதிரெதிர் போலத் தோன்றினாலும், இரண்டும் சொல்வது ஒன்றுதான்: இராகத்திற்கு ஒரு மதம் உண்டு என்பது. அதை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை விளக்கவே இதனை எழுதுகின்றேன்.

முதலில் நம் கையிலுள்ள வேதாகமத்தையே பாருங்கள். தாவீதின் பாடல் தொகுப்புக்குத் தமிழில் நாம் இட்ட பெயர் 'சங்கீதம்'. மயிலாப்பூரில் இச்சொல்லை உச்சரித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு நினைவுக்கு வருவது கச்சேரி. நமக்கு நினைவுக்கு வருவது தாவீது. அந்தச் சங்கீதங்களின் தலைப்புகளில் பாடகர் தலைவனைக் குறிக்க நம் மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்தாண்ட சொல் 'இராகத்தலைவன்'. வேதத்தைத் தமிழாக்கியோர் அண்டை வீட்டின் சொற்களைக் கண்டு அஞ்சவில்லை. இராகம் என்ற சொல் திருமறைக்குள் நுழைந்து உட்கார்ந்த பின்பு, இராகம் ஆலயத்துக்குள் நுழையலாமா என்று நாம் விவாதிப்பது விந்தையே.

இனி வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர் வேதநாயக சாஸ்திரியார். சிறுவனாக இருந்தபோதே சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவரே. அந்தக் காலத்துத் தஞ்சை மண் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். தியாகராஜர் 1767இல் பிறந்து 1847 வரை வாழ்ந்தார். முத்துசுவாமி தீட்சிதர் 1775இல் பிறந்தவர். சாஸ்திரியாருக்கு ஓராண்டே இளையவர். சியாமா சாஸ்திரி 1827 வரை வாழ்ந்தார். சங்கீத மும்மூர்த்திகள் என்று உலகம் போற்றும் மூவரும் வாழ்ந்த அதே காலத்தில், அதே காவிரிக் கரையில், நம் சாஸ்திரியாரும் பாடிக்கொண்டிருந்தார். அவர் இரவல் கேட்டு வாங்கிய இசையன்று அது. அவர் குடித்த தண்ணீரைப் போல, பேசிய மொழியைப் போல, அதுவும் அவருடையதாகவே இருந்தது.

அவருடைய 'பெத்லெகேம் குறவஞ்சி'யைப் பாருங்கள். குறவஞ்சி என்பது திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியால் தமிழகமெங்கும் பெயர்பெற்ற நாடக வகை. தலைவன் உலா வருவதும், தலைவி காதல் கொள்வதும், குறத்தி வந்து குறி சொல்வதும் அதன் அமைப்பு. அந்தச் சட்டகத்தில் சாஸ்திரியார் கிறிஸ்துவைத் தலைவராக்கினார், சபையைத் தலைவியாக்கினார். அதே நூலில், கோள்கள் கதிரவனைச் சுற்றிவருகின்றன என்னும் அன்றைய புதிய வானியலையும் தமிழில் பாடி வைத்தார். பழைய வடிவத்தில் புதிய அறிவு, அண்டை வீட்டுப் பாத்திரத்தில் நம் வீட்டு உணவு. சரபோஜி மன்னர் தம் கோயில் தெய்வத்தின்மேல் பாடும்படி கேட்டபோது அவர் மறுத்தார் என்று நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவருகின்றனர். வடிவத்தைப் பகிர்ந்துகொண்டவர் விசுவாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இவ்விரண்டும் ஒருவரிடத்தில் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதற்கு அவரே சான்று.

அவருக்குப் பின்னும் இந்த ஓடை வற்றவில்லை. 1853இல் எட்வர்ட் வெப் என்னும் அமெரிக்க மிஷனரி, தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து நூலாக்கினார். அதில் சாஸ்திரியாரின் பாடல்கள் பெருமளவில் இடம்பெற்றன. முதல் தமிழ் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர். நீதித்துறையில் முன்சீபாகப் பணிபுரிந்தவர். எச்சமயத்தவரும் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை இயற்றி அவர் தமிழுக்கு ஈந்தார். அவற்றுள் சில இன்றும் சபா மேடைகளில் ஒலிக்கின்றன. வைணவராகப் பிறந்து, கம்பனில் ஊறித் திளைத்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் மோட்சப் பயண நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894இல் தந்தார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சியில் செலவிட்டார். 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் சுருதிக் கொள்கையை எடுத்துரைத்தபோது, அவருடைய புதல்வியர் வீணையில் அதை இசைத்துக் காட்டினர். 1917இல் அவருடைய 'கருணாமிர்த சாகரம்' அச்சேறியது. தமிழிசையின் வேர்களைச் சிலப்பதிகாரத்தில் தேடிய அந்த மாபெரும் ஆராய்ச்சியைச் செய்தவர் ஒரு கிறிஸ்தவர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

இசையின் பயணம் ஒருவழிப் பாதையும் அன்று. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், மணலி முதலியாரின் ஆதரவில், ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாது. ஆங்கிலேயரின் மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதரே சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் இயற்றினார்; 'நொட்டு ஸ்வரம்' என்ற பெயரில் பிள்ளைகள் அவற்றை இன்றும் பாடுகின்றனர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த யேசுதாஸ் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடரானார். சபரிமலையில் நடைசாத்தும் வேளையில் ஒலிக்கும் 'ஹரிவராசனம்' அவருடைய குரலே. ஷேக் சின்ன மௌலானாவின் நாகசுரம் ஸ்ரீரங்கத்தில் முழங்கியது. 1998இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. இவர்களில் எவரும் தம் விசுவாசத்தை விற்று இசையை வாங்கவில்லை. இசையைக் கற்பித்தவர்களும் மதம் கேட்டுக் கற்பிக்கவில்லை.

அப்படியானால் 2018இல் நம் நகரத்தில் நிகழ்ந்தது என்ன? அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், கிறிஸ்தவப் பாடல்களைப் பாடியதற்காகவும் பாட இசைந்ததற்காகவும் கர்நாடக இசைக் கலைஞர்கள் சிலர் சமூக வலைத்தளங்களில் கடுமையாகத் தாக்கப்பட்டனர். ஓ. எஸ். அருண் அவர்கள் ஆகஸ்டு 25 அன்று பாடவிருந்த கிறிஸ்தவ இசை நிகழ்ச்சியிலிருந்து விலகிக்கொண்டார். இதைக் கண்டித்த டி. எம். கிருஷ்ணா அவர்கள், இனி மாதந்தோறும் இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ ஒரு கர்நாடகப் பாடலை வெளியிடுவேன் என்று அறிவித்தார். பல நாட்கள் இவ்விவாதம் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சிகளிலும் நடந்தது. நம் சபையாரில் பலர் அப்போது மனம் புண்பட்டனர். பாடுகிறவர்களை அச்சுறுத்துவது தவறு. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும், புண்பட்டு நிற்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அன்று எழுந்த குற்றச்சாட்டுகளுள் இரண்டை நாம் நேர்மையோடு எடைபோட வேண்டும்.

முதலாவது, தியாகராஜர் போன்றோரின் கீர்த்தனைகளில் தெய்வத்தின் பெயரை மட்டும் மாற்றிப் பாடுகிறார்கள் என்பது. இதில் என் கருத்து தெளிவானது. இராகம் பொதுச் சொத்து. தாளமும் பொதுச் சொத்து. மெட்டுகள்கூட ஊர் விட்டு ஊர் போகக்கூடியவை. ஆனால் ஒரு மனிதர் தம் கண்ணீரோடு தம் இறைவனுக்குச் சொன்ன வார்த்தைகள் அவருடைய ஜெபம். அதன் விலாசத்தை அழித்து வேறு விலாசம் எழுதுவது அழகன்று. நம் பாட்டிமார் பாடிய கீர்த்தனையில் இயேசுவின் திருநாமத்தை நீக்கிவிட்டு வேறொரு பெயரை இட்டு எவரேனும் பாடினால் நமக்கு எப்படியிருக்கும்? பிறர் நமக்குச் செய்யவேண்டும் என்று நாம் விரும்புவதையே நாம் பிறருக்குச் செய்யவேண்டும் என்பது ஆண்டவர் மலைமேல் தந்த கட்டளை. சாஸ்திரியாருக்குச் சொந்தமாகச் சொற்கள் இருந்தன. வேதநாயகம் பிள்ளைக்கும் இருந்தன. நமக்கும் இருக்க வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் ஆழமானது. கிறிஸ்தவர்கள் இந்த இசையை மதமாற்றத்திற்கான தூண்டிலாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே அது. இதற்கு நாம் சினந்து விடை கூறுவது எளிது. ஆனால் ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைச் சோதித்துப் பார்ப்பதே நலம். கீர்த்தனையை நாம் ஏன் பாடுகின்றோம்? அது நமக்கு இனிக்கிறது, நம் ஆத்துமா அதில் தேவனைச் சந்திக்கிறது என்பதற்காகவா? அல்லது, நமக்கு அதில் ஆர்வமில்லாவிட்டாலும், 'அவர்களுக்குப் பிடிக்குமே' என்பதற்காகவா? ஞாயிறு ஆராதனையில் ஒரு கீர்த்தனையும் பாடாத சபை ஒன்று, வெளியார் வரும் கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்கு மட்டும் மிருதங்கமும் வயலினும் அமர்த்தினால், அந்தக் குற்றச்சாட்டுக்கு அது என்ன விடை சொல்லும்? தூண்டிலில் மாட்டிய புழுவை மீனவன் தான் உண்பதில்லை. நாம் உண்ணாததைப் பிறருக்கு நீட்டினால் அது தூண்டில். நாம் உண்டு, மகிழ்ந்து, அதிலிருந்து எடுத்துத் தேவனுடைய சமுகத்தில் வைத்தால் அது காணிக்கை. காணிக்கையைக் குறித்து எவரிடத்திலும் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆகவே, கீர்த்தனைகளை நாமே கைவிட்டுவிட்டு, அவற்றைப் பாடும் உரிமைக்காக மட்டும் வழக்காடுவதில் பொருளில்லை. உரிமையை நிலைநாட்டும் வழி, ஞாயிறுதோறும் மனமாரப் பாடுவதே.

இங்கே சாலொமோனின் ஆலயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தருக்கு ஆலயம் கட்ட விரும்பிய சாலொமோன் தீருவின் அரசனாகிய ஈராமுக்கு ஆளனுப்பினான். மரம் வெட்டும் திறமையில் சீதோனியருக்கு இணையானவர் தம்மவருள் இல்லை என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொண்டான். வந்த கேதுரு மரங்களுக்கு ஈடாக ஆண்டுதோறும் கோதுமையும் எண்ணெயும் அனுப்பினான். வெண்கல வேலைக்கு வந்த மற்றொரு ஈராமோ, தீரு நாட்டுத் தகப்பனுக்கும் நப்தலி கோத்திரத்துத் தாய்க்கும் பிறந்தவன். அவன் வார்த்தவைதாம் யாகீன், போவாஸ் என்னும் இரு தூண்கள். பன்னிரண்டு காளைகளின்மேல் நின்ற வெண்கலக் கடல்தொட்டியும் அவன் கைவேலையே. கர்த்தருடைய மகிமை வந்து நிரம்பிய அந்த ஆலயத்தின் தூண்களை வார்த்தவை பாதி அயல்நாட்டுக் கைகள். அது ஆலயத்தின் தூய்மையைக் குறைத்துவிட்டதாக வேதம் எங்கும் கூறவில்லை.

இந்தப் பகுதியில் நாம் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. சாலொமோன் மரத்தை எடுத்துக்கொண்டது மட்டுமன்று; கடனை ஒப்புக்கொண்டான், அதற்கு ஈடும் செலுத்தினான். பவுல் அப்போஸ்தலரும் மார்ஸ் மேடையில் கிரேக்கக் கவிஞர்களின் சொல்லை எடுத்தாண்டபோது, அது அத்தேனருடைய புலவர்களின் கூற்று என்பதை மறைக்கவில்லை. அயலாரிடமிருந்து நல்லதைப் பெறுவது பாவமன்று. பெற்றதை மறைப்பதும், 'எல்லாம் எங்களுடையது' என்று மார்தட்டுவதும் நன்றிகெட்ட செயல். நம் கீர்த்தனைகளுக்காக நாம் கடன்பட்டிருக்கின்றோம்: தேவாரப் பண்களைக் காத்த ஓதுவார்களுக்கு, நாகசுரத்தையும் தவிலையும் தலைமுறை தலைமுறையாக வாசித்த இசைவேளாளர்களுக்கு, தஞ்சையின் பாகவதர்களுக்கு. இதை உரக்கச் சொல்லும் சபையைப் பார்த்து எவரும் திருடர் என்று கூற இயலாது.

இதுவரை படித்துவந்த சிலருடைய உள்ளத்தில் வேறொரு கேள்வி எழுந்திருக்கும். அதை நான் தவிர்த்துச் செல்ல மாட்டேன். 'ஐயா, கர்நாடக இசை உயர்சாதியினரின் மேடையாகிவிட்டது. எங்கள் முன்னோர் அந்த மேடையின் அருகில்கூட நிற்க முடியவில்லை. ஆலயத்திலாவது எங்களுக்கு விடுதலை வேண்டாமா?' என்பதே அக்கேள்வி.

இது நியாயமான வேதனை. வேதநாயக சாஸ்திரியாரின் வாழ்விலேயே இதன் நிழல் உண்டு. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மிஷனரிகள் ஆராதனையிலும் திருவிருந்திலும் சாதி வேறுபாட்டை ஒழிக்க முற்பட்டனர். சாஸ்திரியார் அதை எதிர்த்து எழுதினார். அதே மிஷனரிகள் தமிழ்க் கீர்த்தனைகளுக்கும், திருமணங்களிலும் அடக்கங்களிலும் பூக்களைப் பயன்படுத்துவதற்கும் தடை விதிக்க முயன்றபோதும் அவர் எதிர்த்தார். இரண்டையும் அவர் ஒரே மூச்சில், தமிழ்ப் பண்பாட்டின் பெயரால், பாதுகாத்தார். பாடலைக் காத்ததில் அவர் சரி. சாதியைக் காத்ததில் அவர் தவறு. மிஷனரிகளோ சாதியை எதிர்த்ததில் சரி, பாடலை எதிர்த்ததில் தவறு. கர்த்தர் தம் மகிமைக்காக எடுத்துப் பயன்படுத்திய பாத்திரங்களில் விரிசல் இல்லாதது எது? தாவீதின் சங்கீதங்களை நாம் பாடுகின்றோம். உரியாவுக்கு அவன் செய்ததை மறைத்துப் பாடுவதில்லை. அவ்வாறே சாஸ்திரியாரையும் முழுமையாக அறிந்தே பாடுவோம்.

ஆகையால் ஒரு நிபந்தனையோடுதான் நான் கீர்த்தனைகளுக்காகப் பரிந்து பேசுகின்றேன். கீர்த்தனையைக் காப்போம் என்னும் குரல், பறையை வாசலுக்கு வெளியே நிறுத்தும் குரலாக மாறக் கூடாது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு அவர்களை நினைவுகூருங்கள். 'பரட்டை அண்ணன்' என்று அன்போடு அழைக்கப்பட்ட அவர் 2005இல் நம்மைவிட்டுப் பிரிந்தார். நாட்டுப்புற மெட்டுகளிலும் எளிய மக்களின் பேச்சுமொழியிலும் அவர் வழிபாட்டு முறைமை அமைத்தார். இழிவென்று ஒதுக்கப்பட்ட பறை தேவனுடைய சந்நிதியில் முழங்கத்தக்கது என்று கற்பித்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் கூடி உண்பதே திருவிருந்தின் பொருள் என்று எடுத்துரைத்தார். சாஸ்திரியார் கொடுக்கத் தவறியதை அப்பாவு கொடுத்தார். நமக்கு இருவரும் வேண்டும். ஒருவருடைய பாட்டும் மற்றவருடைய பந்தியும் ஒன்றாய்ச் சேரும் இடமே திருச்சபை.

நம் அருகிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில், 2015 முதல், மீனவ மக்களின் நடுவே இசைவிழா நடத்தப்பட்டது. கர்நாடக இசையும் பறையும் கூத்தும் ஒரே மேடையில் ஏறின. சபாக்களுக்கு உள்ளே நடக்காதது கடற்கரை மணலில் நடந்தது. யூதரென்றும் கிரேக்கரென்றும் இல்லை எனப் படிக்கிற நாம் இதைச் செய்வதில் பிறருக்குப் பின்தங்கி நிற்கலாமா?

இனி இளையோருக்கு ஒரு சொல். நீங்கள் விரும்பும் புதிய ஆராதனைப் பாடல்களை நான் பழிக்கவில்லை. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு காலம் முதல், ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தின் மெட்டில் தேவனைப் பாடியுள்ளது. ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் நம் பாமாலையாயின. கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுப்பாட்டுத்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யூடியூபில் நாம் கேட்கும் பாடல்களில் பல, 'நான்', 'எனக்கு', 'என்னை' என்ற சொற்களைச் சுற்றியே சுழல்கின்றன. அவை உணர்வைத் தருகின்றன, அது நன்றே. கீர்த்தனையின் அமைப்போ வேறு. பல்லவி ஒரு மையச் செய்தியைச் சொல்லும். அனுபல்லவி அதை விரிக்கும். சரணங்கள் ஒவ்வொன்றும் வேதத்தின் ஒவ்வொரு நிகழ்வை எடுத்துரைக்கும். ஒவ்வொன்றின் முடிவிலும் பாட்டு பல்லவிக்குத் திரும்பிவரும். ஏதேனிலிருந்து கல்வாரி வரை ஒரே பாட்டில் நடந்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் வேதத்தை அறிந்துகொண்டது இவ்வாறுதான். அவர்களுக்குக் கீர்த்தனையே வேதபாடப் பள்ளி.

அதன் பலனை முதியோரின் படுக்கையருகே அமரும் எந்த ஆயரும் அறிவார். பிள்ளைகளின் பெயரை மறந்தவர்கள், நாளையும் கிழமையையும் மறந்தவர்கள், பழைய கீர்த்தனை ஒன்றின் பல்லவியைத் தொடங்கியவுடன் உதடுகளை அசைக்கின்றனர். இரண்டாம் சரணம்வரை தவறாமல் வருகின்றனர். எல்லாம் உதிர்ந்த பின்பும் உதிராமல் நிற்பது சிறுவயதில் உள்ளே இறங்கிய பாட்டு. இன்று நம் பிள்ளைகளின் உள்ளே எதை இறக்குகின்றோம்? திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துப் பாடிவிட்டு, திரை அணைந்ததும் மறந்துவிடும் பாடல்களை மட்டுமா? அறுபது ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் படுத்திருக்கும் அறையில் எந்தப் பல்லவி அவர்களுக்குத் துணையிருக்கும்? எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிய கேள்வியாகத் தோன்றுகின்றது.

விளங்கவில்லை என்பதற்கு விடை கைவிடுவதன்று, விளக்குவதே. ஆவியோடும் பாட வேண்டும், கருத்தோடும் பாட வேண்டும் என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதன் பொருள் இதுவே. கருத்து விளங்காமல் இராகத்தை மட்டும் இரசிப்பது சபாவுக்குப் போதும், சபைக்குப் போதாது. சபாவுக்கும் சபைக்கும் நடுவே ஒரே எழுத்துத்தான் வேறுபாடு என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உண்மையான வேறுபாடு அதைவிடப் பெரியது. அங்கே பாடுபவரும் கேட்பவரும் வேறு; இங்கே எல்லோரும் பாடுபவர்கள், கேட்பவர் ஒருவரே.

ஆகவே, செய்யக்கூடிய நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கின்றேன்.

ஒன்று: ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கீர்த்தனையாவது பாடுவோம். பாடுமுன் இரண்டு நிமிடம் அதன் பொருளையும், இயற்றியவர் பெயரையும், இராகத்தின் பெயரையும் ஒருவர் சொல்லட்டும். அதைச் சொல்லும் பொறுப்பை இளைஞர் சங்கமே ஏற்கட்டும்.

இரண்டு: நம் வீட்டுப் பிள்ளைகளில் கர்நாடக இசை பயில்வோர் பலர் உண்டு, பரதம் பயில்வோரும் உண்டு. ஞாயிறு காலையில் மட்டும் அந்த வித்தையை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். ஆலயத்திற்கு எடுத்துவரச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர், வேறு சமயத்தவராயினும், பாராட்டப்படட்டும். அவரை அழைப்பது அவரை மாற்றுவதற்காக இருக்க வேண்டாம். நன்றி சொல்வதற்காக இருக்கட்டும்.

மூன்று: அறுப்பின் பண்டிகையிலும் பெருநாட்களிலும் பறைக்கும் நாட்டுப்புறப் பாடலுக்கும் மதிப்பான இடம் கொடுப்போம். வாசலில் வரவேற்பு மேளமாக அல்ல, ஆராதனையின் நடுவிலே.

நான்கு: பழையதைப் பாடுவதோடு நில்லாமல் புதியதை எழுதுவோம். தியாகராய நகர் நெரிசலில் நாளெல்லாம் நின்று வேலை செய்யும் கடைச் சிப்பந்தியின் களைப்பைப் பற்றியும், அடையாற்றின் கரையில் வெள்ளத்திற்கு வீடிழந்த குடும்பத்தைப் பற்றியும் ஒரு கீர்த்தனை உண்டா? சாஸ்திரியார் தம் காலத்து வானியலைப் பாடினார். நம் காலத்து வாழ்வை நாம் பாட வேண்டாமா?

அன்பானவர்களே, கலை என்பது விசுவாசத்தின் எதிரியன்று. விசுவாசத்தின் அலங்காரமும் அன்று. பெசலெயேலின் கைகளில் தேவன் ஞானத்தை வைத்தார் என்று யாத்திராகமம் கூறுகின்றது. அவருக்குக் கிடைத்த அதே ஈவின் சிதறல்கள் இந்த நகரமெங்கும் விழுந்து கிடக்கின்றன. சபா மேடையிலும், குப்பத்து மணலிலும், கோலமிடும் கைகளிலும். நாம் அதைக் கண்டு நன்றி செலுத்துவோம். கடன்பட்டவர்களாகப் பெற்றுக்கொள்வோம், காணிக்கையாகப் படைப்போம். இந்த மார்கழியில் உங்கள் வீட்டு மாடியில் நின்று கேட்கும்போது தொலைவில் ஒரு தம்புராவின் சுருதி ஒலித்தால், அதைப் பகையின் ஒலியாகக் கேளாதீர்கள். அதே சுருதியில் பாடுவதற்கு நம்மிடமும் ஒரு பாட்டு உண்டு. அதை மறவாமல் பாடுவோமாக.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, எங்கள் முன்னோரின் நாவில் நீர் வைத்த பாட்டுக்காக நன்றி செலுத்துகின்றோம். அதைப் பெருமைக்காகவோ ஆதாயத்திற்காகவோ பாடாதபடி எங்களைக் காத்தருளும். ஒதுக்கப்பட்டவர்களின் இசைக்கு எங்கள் நடுவில் இடம் தரும் இருதயத்தைத் தாரும். எங்கள் அயலாரைப் பகைவராகக் காணாமல் அண்டை வீட்டாராகக் காணச் செய்யும். எங்கள் பிள்ளைகளின் முதிர்வயதிலும் உம் துதி அவர்கள் உதடுகளில் நிலைத்திருக்க அருள்புரியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கின்றோம். ஆமென்.